உயிரோடிருந்தவருக்குப் படையல்

சொன்ன சொல்லை அவள் திருப்பி எடுத்து நான் பார்த்ததில்லை. யாராவது சமாதானம் பேச வந்தால், "வாளியில ஊத்தின ரப்பர் பாலத் திரும்ப மரத்துக்குள்ள விடுவீங்களா?" என்று கேட்பாள். வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு போவார்கள்.

எங்கள் தோட்டம் யட்டியாந்தோட்டையிலிருந்து மேலே ஏறிப் போகிற பாதையில் இருந்தது. கீழே ரப்பர், மேலே கொஞ்சம் தேயிலை. ஒரே லயத்து வரிசை வீடுகளில் அவள் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவள் அடுப்பில் என்ன வேகிறது என்று எனக்கு மணக்கும். நான் தும்மினால் அந்தப் பக்கமிருந்து "நூறு" என்பாள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனாலேயே அவளுக்கு என்னைப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். பேசாத ஆளிடம்தான் நிறையப் பேசலாம்.

அவள் பேரை இங்கே எழுத வேண்டாம். லயத்துப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பேர் கருமாதி அக்கா. அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து, "என்னடா?" என்பாள். கோபப்பட மாட்டாள். அந்தப் பேர் எப்படி வந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் பீலிக்கரைச் சண்டையைச் சொன்னால்தான் அவள் எப்படிப்பட்டவள் என்று விளங்கும்.

பீலியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒரு நாள் எதிர் லயத்துக்காரி ஒருத்தியோடு அவளுக்கு வாய்த்தகராறு. யார் வாளியை யார் தள்ளியது என்பதுதான் விஷயம். முடிவில் இவள், "இனி ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன், போடி" என்று சொல்லிவிட்டாள். சொன்னாள் என்றால் சொன்னதுதான். அன்றிலிருந்து அந்தக் காம்பராவைத் தாண்டும்போது வெயிலோ மழையோ குடையை விரித்து அந்தப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு போவாள். குடை இல்லாவிட்டால் வாளியைத் தோளில் ஏற்றி முகத்துக்கு மறைவாக வைத்துக்கொள்வாள். லயமே சிரிக்கும்.

அந்த எதிர் லயத்துக்காரிக்குப் பிள்ளை வலி வந்தது. லொறி இல்லை. கம்பளியில் கம்பைக் கட்டித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்க வேண்டும். ஆம்பளைகள் மலையில் இருந்தார்கள். யாரும் கூப்பிடாமலே இவள் வந்து கால்மாட்டுக் கம்பைப் பிடித்தாள். அங்கே பிடித்தால்தான் முன்னால் பார்த்து நடக்கலாம், முகம் தெரியாது. ரோடு வரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பின்னாலிருந்து அவள், "அடியே, நீயாடி தூக்குற?" என்று அழுதாள். இவள் முன்னால் பார்த்துக்கொண்டே, "முழிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். தூக்க மாட்டேன்னு சொல்லலியே. வாய மூடிக்கிட்டுப் பெத்துப் போடு" என்றாள்.

இப்படிப்பட்டவளைத்தான் அவளுக்குப் பரிசம் போட்ட ஆள் விட்டுவிட்டுப் போனான்.

அவன் எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான். அவளுக்கு அடுத்த துண்டு மரங்களில் பால் வெட்டினான். விடியும் முன்னே போய் மரத்தில் கத்தி போட்டுவிட்டால், பால் வடிகிற வரைக்கும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கலாம். அந்த நேரத்தில்தான் பழக்கம். அப்புறம் சிரட்டைகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமக்கும்போது அவள் வாளியையும் அவனே தூக்குவான். பார்க்க அப்படியொன்றும் அழகில்லை. முன்பல் ஒன்று மற்ற பல்லின் மேல் ஏறி நிற்கும். நான் ஒருநாள் அதைச் சொன்னேன். "அந்தப் பல்லுதான்க்கா மொதல்ல என்கிட்டப் பேசுச்சு. அவரு அதுக்குப் பொறகுதான் பேசினாரு" என்றாள். அவள் அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் கண்டதில்லை.

இரண்டு வீட்டிலும் சம்மதித்துப் பரிசம் போட்டார்கள். தேங்காய், பழம், வெற்றிலையோடு மாம்பழ நிறத்தில் ஒரு சேலை. தோட்டத்தைக் கம்பெனிக்குக் கொடுத்த வருஷம் அது. வேலை நாள் குறைந்துபோனது. மழை பிடித்தால் பால் வெட்டும் கிடையாது. அவன் வேறு சிலரோடு சேர்ந்து இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழிக்கு வேலைக்குப் போனான். கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லித்தான் போனான். போனவனுக்கு அங்கே ஒரு தோட்டத்தில் கங்காணி வீட்டில் சாப்பாடு. கங்காணிக்கு ஒரு மகள். அப்புறம் சொல்ல என்ன இருக்கிறது.

செய்தி பீலிக்கரைக்குத்தான் முதலில் வந்தது. "வைகாசியில அங்கயே கலியாணமாம்" என்றார்கள். இவள் வாளி நிறைகிற வரைக்கும் நின்று, தூக்கிக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலையில் மட்டும் முதல் மரத்தில் கத்தியைக் கட்டை வரைக்கும் இறக்கிவிட்டாள். பட்டையைத்தான் சீவ வேண்டும். கட்டையில் பட்டால் மரத்துக்குக் காயம். எங்கள் தோட்டத்துக் கங்காணி சத்தம் போட்டார். "மரம் தாங்கும்ங்க" என்று மட்டும் சொன்னாள்.

கல்யாணம் முடிந்து பெண்ணை அழைத்துக்கொண்டு அவன் தாய் வீட்டுக்கு வரும் நாள் தெரிந்தது. மழை நாள். பால் வெட்டு இல்லை, களை வேலைதான். அவள் காலையிலேயே, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்குப் போனாள். தோட்டத்தில் ஒருவர் இறந்துவிட்டால் எல்லாருக்கும் அரைநாள் வேலை நிறுத்துவது வழக்கம். அவள் கணக்கப்பிள்ளையிடம் அந்த அரைநாளைக் கேட்டாள். கணக்கப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுசர்.

"ஆர் பிள்ளை, செத்தது?"

இவள் அவன் பேரைச் சொன்னாள்.

"அவன் இப்ப கலியாணம் கட்டிக்கொண்டெல்லோ வாறான்?"

"ஐயாவுக்கு வாறாருங்க. எனக்குச் செத்துட்டாருங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப உனக்கு மட்டும் அரைநாள் எடுத்துக்கொள்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அந்த அரைநாளில் அவள் செய்ததுதான் தோட்டத்தில் இன்றைக்கும் பேச்சு. தன் பழைய வெள்ளைப் பாவாடையைக் கிழித்துக் கொடிகளாக்கி, ரோட்டிலிருந்து அவன் வீட்டுப் பாதை முழுக்க இரண்டு பக்கமும் குச்சி நட்டுக் கட்டினாள். எங்கள் பக்கத்தில் சிங்களவர், தமிழர் யார் வீட்டில் சாவு என்றாலும் பாதையில் வெள்ளைக்கொடி கட்டுவார்கள். கொடியைக் கண்டால் யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள், வந்துவிடுவார்கள். அப்படியே கீழ்க் கிராமத்துச் சிங்களச் சனங்கள் வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சாரமுமாக, கையில் சீனியும் தேயிலையும் எடுத்துக்கொண்டு ஏறி வந்தார்கள். நான் எங்கள் லயத்துத் திண்ணையில், இஸ்தோப்புத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வயசான ஒரு அம்மா இவளிடம், "கவுத நங்கி மெருணே?" என்று கேட்டார். செத்தது யார், தங்கச்சி என்று.

இவள் கீழே ரோட்டைக் காட்டினாள். "அர வேன் எகே என எக்கெனா." அந்த வேனில் வருகிறவர்.

அதே நேரம் வேன் வந்து நின்றது. கதவைத் திறந்து பட்டு வேட்டியும் மாலையுமாக அவன் இறங்கினான். பின்னால் பெண். மழையில் நனைந்து தொங்குகிற வெள்ளைக்கொடிகள். இரண்டு பக்கமும் வெள்ளை உடுத்த சனங்கள், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு. ஒரு பெரியவர் அவனிடமே போய்க் கையைப் பிடித்து, துக்கம் விசாரிக்க வாயைத் திறந்து, மாலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கல்யாணப் பெண் அழ ஆரம்பித்தாள். அவன் தாய் ஆரத்தித் தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அடிப் பாவி! என் புள்ள குத்துக்கல்லாட்டம் நிக்கிறான். அவனுக்காடி கொடி கட்டுன?"

"நிக்கிறது ஒங்க புள்ளைங்க. எனக்குப் பரிசம் போட்டவரு செத்துட்டாரு" என்றாள் இவள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அவன் இவளைப் பார்க்கவே இல்லை. கொடிகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

லயம் முழுக்க ஒரே சிரிப்பு. வேன் டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். கிராமத்துச் சனங்களும் விஷயம் தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார்கள். அந்த வயசான அம்மா மட்டும் போகவில்லை. கொண்டுவந்த சீனிச் சரையை இவள் கையில் வைத்து, "அனே பவ்", ஐயோ பாவம் என்று சொல்லி, எங்கள் இஸ்தோப்பில் இவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சாவு வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டுமோ அவ்வளவு நேரம் உட்கார்ந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு எங்கள் மூன்று பேருக்கும்தான் அது சாவு வீடு.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கொடி கட்டினால் கருமாதியும் செய்ய வேண்டுமே. பதினாறாம் நாள் அவள் அடுப்பை மூட்டினாள். அவனுக்குப் பிடித்த பலாக்கொட்டைக் குழம்பு, பொரித்த கருவாடு, பருப்பு, வடை. லயத்துப் பொம்பளைகளை எல்லாம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். எல்லாரும் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். இலை போட்டு, சூடம் கொளுத்தி, அவன் பரிசத்தில் வைத்த சேலையையும் பக்கத்தில் மடித்து வைத்திருந்தாள்.

"மாப்பிள்ளைக்கு ஒரு கட்டுப் பீடியும் வைடி, இருமிக்கிட்டே மேல போவட்டும்" என்றாள் ஒருத்தி. சிரிப்பு. அப்புறம் கடைசிக் காம்பராக் கிழவி, அவளும் வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

"எல்லாஞ் செஞ்சே. பொட்ட அழிக்கலியே? அது இல்லாமக் கருமாதி பாதிதான்."

சிரித்துக்கொண்டிருந்தோம். இவள் கட்டைவிரலை எச்சிலில் தொட்டு நெற்றியில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள். குங்குமம் புருவம் வரைக்கும் இழுபட்டு நின்றது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கிழவி, "அடியே, வெளையாட்டுக்குச் சொன்னேன்டி" என்று அழவே தொடங்கிவிட்டாள்.

"நான் வெளையாடல ஆத்தா. சாப்பிடுங்க."

பிறகு அவள் பொட்டு வைக்கவே இல்லை.

அவனைப் பழிவாங்கத்தான் இதெல்லாம் செய்தாள். அவன் செத்துப்போனதாக ஊரெல்லாம் சிரிக்கட்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் கருமாதி செய்கிறவள் யார்? பொட்டழிக்கிறவள் யார்? அவன் அங்கே பெண்டாட்டியோடு உயிரோடு இருந்தான். இவள் இங்கே தாலி கட்டாமலே அவனுக்குத் தாலியறுத்தவளாக ஆகிப்போனாள். அது அவளுக்கு அப்போது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தபோது சொல் வாயைவிட்டுப் போயிருந்தது.

வருஷா வருஷம் வைகாசியில் படையல் போட்டாள். படையல் வைத்தால் எல்லாரும் வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். செத்தவர்கள் வந்து சாப்பிடுகிற நேரம் அது. யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பிறகு கதவைத் திறந்து, படைத்ததை எல்லாருக்கும் போடுவாள். பிள்ளைகளுக்கு அது ஒரு திருவிழா. அப்படித்தான் அவள் கருமாதி அக்கா ஆனாள்.

இடையில் ஒரு நல்லது வந்தது. ஸ்டோரில் ரப்பர் ஷீட் அடிக்கிற ஒருவர் அவளைக் கேட்டார். அமைதியான மனுசன். அவள் வாளியை இறக்கி வைக்கும்போது கை கொடுப்பார், அவ்வளவுதான். அவர் தாய்க்கு மட்டும் மனசு உறுத்தல். பொட்டழித்தவளை எப்படி மருமகளாகக் கூட்டி வருவது? கடைசியில் அந்த அம்மாவே ஒரு வழி சொன்னார். மாரியம்மன் முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியமாக, "அவன் உசுரோடதான் இருக்கான், நான் வெளையாட்டுக்குப் பண்ணினேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். கோயிலிலேயே குங்குமம் வைத்து அழைத்துப் போவதாகச் சொன்னார்.

நான் அதுவரைக்கும் யாருக்கும் புத்தி சொன்னதில்லை. அன்றைக்குச் சுவரில் தட்டி, "சொல்லிடு புள்ள. ஊருக்கே தெரிஞ்சதுதானே" என்றேன். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை கோயிலில் நின்றோம். அவள் பரிசச் சேலையை உடுத்தவில்லை, வேறு சேலைதான். சூடம் எரிந்தது. ஸ்டோர்க்காரர் கையில் குங்குமச் சிமிழை வைத்துக்கொண்டு நின்றார். அவள் கையை நெருப்புக்கு மேலே கொண்டுபோனாள். "அவரு..." என்றாள். எல்லாரும் காத்திருந்தோம். சூடம் எரிந்து எரிந்து தானாகவே அணைந்தது. அவள் கை அங்கேயே இருந்தது.

"செத்தவரு செத்தவருதான். மன்னிச்சுக்கங்க" என்று அந்த அம்மாவின் காலைத் தொட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

எனக்குக் கோபம். அவள் பின்னாலேயே போனேன். பாதையில் பிடித்து நிறுத்தி, "ஒனக்கு என்ன பைத்தியமா? அவன் உசுரோட இருக்கான்னு சொன்னா ஒன் வாய் என்ன புண்ணாயிருமா?" என்று கேட்டேன். நானா அப்படிக் கேட்டேன் என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

அவள் மரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவரு செத்ததாலதானேக்கா என்னை விட்டுட்டுப் போனாரு. உசுரோட இருந்திருந்தா போயிருப்பாரா?"

ஸ்டோர்க்காரர் பிறகு வேறு தோட்டத்துப் பெண்ணைக் கல்யாணம் முடித்தார். கல்யாணமான புதுசில்கூட அவள் வாளியை இறக்கினால் கை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

வருஷங்கள் போயின. அவன் தாய் இறந்துபோனாள். அவர்கள் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் கையில் போன் வந்துவிட்ட காலம். அவன் வேலை செய்த குழி இடிந்து காலில் மண் விழுந்தது என்றும், பெண்டாட்டி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்த் திரும்பவில்லை என்றும் கேள்விப்பட்டோம். அவள் காதில் விழும்படி யாரும் சொல்லவில்லை. விழாமலும் இருந்திருக்காது.

அந்த வைகாசியும் மழைதான். படையலுக்கு எல்லாம் சமைத்து, இலை போட்டு, பலாக்கொட்டைக் குழம்பை ஊற்றி, சூடம் காட்டிவிட்டு வெளியே வந்தாள். நாங்கள் இஸ்தோப்பில் நின்றோம். பிள்ளைகள் வடைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பாதையில், தலைக்கு மேலே உரப்பையைப் போட்டுக்கொண்டு ஓர் ஆள் வந்தான். ஒரு காலை இழுத்து இழுத்து வந்தான். எங்கள் வாசலில் தண்ணீர் ஓடுகிற கானுக்கு அந்தப் பக்கம் நின்றான். பிள்ளைகளுக்கு அவனைத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது. தாடி நரைத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தாலும் அந்தப் பல் அப்படியே இருந்தது.

எங்களுக்கு வா என்று சொல்லவும் பயம், போ என்று சொல்லவும் பயம். அவள் கதவைச் சாத்தக் கையை வைத்தவள் அப்படியே நின்றாள். அவனைப் பார்த்தாளா? பார்த்திருப்பாள். ஆனால் முகம் அவன் பக்கம் போகவில்லை. கதவைச் சாத்தாமல், பாதி திறந்தபடி விட்டாள். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னாள்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க. செத்தவுங்க சாப்பிடுறதப் பாக்கக் கூடாது."

திரும்பினோம். அவளும் கதவுக்கு முதுகைக் காட்டி, என் பக்கத்தில் வந்து நின்றாள். கானைத் தாண்டுகிற சத்தம். ஈரக் காலை இழுக்கிற சத்தம். கதவு கிறீச்சென்றது. அப்புறம் மழைச் சத்தம் மட்டும்.

உள்ளேயிருந்து இருமல் வந்தது. பெரிய இருமல். குழிக்குள்ளே ஈரத்தில் கிடந்தவர்களுக்கு வருகிற இருமல்.

"கருமாதி அக்கா, ஒங்க பேய்க்குத் தடிமன் புடிச்சிருக்கு" என்றது ஒரு பிள்ளை. யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் விட்டார்கள். அவள் தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா, நான் பார்க்கவில்லை. இருமல் நிற்கவில்லை. அவள் மழையைப் பார்த்தபடியே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"செம்புல தண்ணி இருக்கு. வலது கைப் பக்கம்."

இருமல் நின்றது.

எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. கால் இழுபடுகிற சத்தம் திரும்ப வெளியே வந்து, கானைத் தாண்டி, பாதையில் போய், மழைக்குள் மறைந்தது. அவள் திரும்பவில்லை. சத்தம் முழுக்க இல்லாமல் போன பிறகுதான் உள்ளே போனாள். நானும் கூடவே போனேன்.

செம்பு காலியாக இருந்தது. பரிசச் சேலை வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. சாப்பிட்ட இலையை அவன் மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.

கல்யாண வீட்டில் சாப்பிட்டால் இலையை நம் பக்கம் மடிப்போம், உறவு தொடரட்டும் என்று. சாவு வீட்டில் சாப்பிட்டால் எதிர்ப்பக்கம் தள்ளி மடிப்போம், இது இன்னொரு தரம் வரக்கூடாது என்று. அவன் எதிர்ப்பக்கம் மடித்திருந்தான்.

"பாத்தீங்களாக்கா. அவருக்கே தெரிஞ்சிருக்கு" என்றாள்.

வெளியே பிள்ளைகள் வடை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் இலை முன்னால் குந்தினாள், அவன் உட்கார்ந்த இடத்திலேயே. மடித்த இலையை மெதுவாகப் பிரித்தாள். உள்ளே ஒரு பருக்கை இல்லை. கையால் ஒரு தடவை தடவிச் சரிசெய்தாள். பிறகு தன் பக்கமாக மடித்தாள். மடிப்பை விரலால் அழுத்தி வைத்தாள்.

அதை எடுத்துக்கொண்டு எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்தாள்.

"யாருக்கா வந்தது?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

"செத்தவுங்கதான், வேற யாரு? வந்து சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க. வாங்க, சோறு ஆறுது" என்றாள்.